இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை

பிப்ரவரி 7, செவ்வாய்

கப்பலிலிருந்து வந்த பதிவில் ஒரு துண்டைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் மென்பொருளே அதைக் குப்பையில் போட்டிருக்கிறது. பக்கத்தில் காரணமும் எழுதி வைத்திருக்கிறது: "நடக்க வாய்ப்பில்லாத அளவு. கருவிக் கோளாறு." அந்த விதியை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

குப்பையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கருவிக்கு ஒன்றும் இல்லை. இழுபடுவதை அளக்க மேல்தளத் தகட்டில் ஒட்டியிருக்கும் கேஜ்கள் எல்லாமே ஒரே நொடியில் ஒரே கதையைச் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கப்பலின் முதுகு இதுவரை வளையாத அளவுக்கு வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

அந்தக் கப்பலின் கேப்டன் என் வீட்டுக்காரர். ஞாயிறு மாலை போனில் பேசினார். "நல்லா இருக்கேன். காலையில லேசா ஆடுச்சு" என்றார்.

லேசா! இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் வாயைவிட அந்த இரும்புத் தகடுதான் என்னிடம் உண்மை பேசுகிறது.

பிப்ரவரி 8

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் பேப்பர் படிக்கக் கீழே வந்தார். "நீ அந்த ஆபீஸ்ல என்னதான் பண்றே?" என்று இன்றும் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சளைக்காமல் சொன்னேன். அலை கப்பலின் நடுவில் வந்தால் முதுகு கூனும், இரண்டு முனையிலும் வந்தால் வயிறு தொங்கும். நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. தகடு எவ்வளவு இழுபடுகிறது என்று கேஜ் சொல்லும். அதையெல்லாம் அடுக்கிவைத்து, இன்னும் வராத பெரிய இழுவை எவ்வளவு இருக்கும், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று கணக்குப் போடுவேன்.

"அப்போ ஜோசியம்" என்றார்.

"இல்லை அண்ணி. புள்ளியியல்."

"அவங்களும் அப்படித்தான் கட்டம் போடுறாங்க."

பிப்ரவரி 14

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இரண்டே பத்தி. முதல் பத்தி: கையில் இருக்கும் நான்கு வருடப் பதிவுகளின்படி, இப்படி ஒரு இழுவை சுமார் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்கக்கூடியது. இரண்டாவது பத்தி: மேல்தளத்துச் சரக்குத் திறப்பின் மூலையில் தகடு கீறியிருக்கலாம். ஜூன் மாதம் பழுதுபார்க்கக் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்து ட்ரை டாக்கில் ஏற்றுவதாக இருக்கிறது. எக்காரணம் கொண்டும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மேனேஜர் படித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷமான அறிக்கை மேடம்" என்றார். எங்கே சந்தோஷம் இருக்கிறது என்று நானும் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். தென்படவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

தென்பட்டது. கப்பல் முதலாளி போன் செய்தார்.

"ஏம்மா, முடிஞ்சுதாமே?"

"என்ன சார் முடிஞ்சுது?"

"இருபத்தஞ்சு வருஷ அலை. வந்துட்டுப் போயிடுச்சாமே. இனி இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லைன்னு எழுதியிருக்கீங்களாமே."

அப்படி எழுதவில்லை என்றேன். "நீங்க அடக்கமா எழுதியிருப்பீங்க, உங்க மேனேஜர் விளக்கிச் சொன்னார்" என்றார். குரலில் மகளுக்கு வரன் அமைந்தவரின் நிம்மதி.

மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். வாடிக்கையாளர் மனசு குளிர்ந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்டார். இவரும் பொறியியல் படித்தவர்தான். சுவரில் பட்டம் தொங்குகிறது.

மார்ச் 6

பட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் தொங்குகிறது. முதலாளி சான்றிதழ் ஒன்று அச்சடித்து, கண்ணாடி போட்டு, கப்பலுக்கு ஒன்றும் எங்கள் அலுவலகத்துக்கு ஒன்றும் அனுப்பியிருக்கிறார். "இருபத்தைந்து வருட அலையை முதல் நான்கு வருடத்திலேயே முடித்த கப்பல்." கீழே பூ வேலைப்பாடு. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குக் கொடுப்பார்களே, அதே மாதிரி.

மார்ச் 11, சனி

அண்ணிக்கும் செய்தி எட்டிவிட்டது. தம்பி அனுப்பிய படத்தில் சான்றிதழைப் பார்த்தாராம்.

"கண்டம் கழிஞ்சுடுச்சு. இனி அவனுக்கு ஒண்ணும் வராது" என்றார். கண் கலங்கியிருந்தது. தம்பி மேல் உயிர் அவருக்கு.

அவரிடம் போய் ஒவ்வொரு வருடமும் அதே வாய்ப்புதான், வந்துபோன அலைக்கும் வரப்போகிற அலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அடுத்த வாரமே இன்னொன்று வரலாம் என்று எப்படிச் சொல்வது? "ஆமா அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கே என் மேல் எரிச்சல்.

மார்ச் 24

ட்ரை டாக் ரத்து.

ஜூனிலும் இல்லையாம், இந்த வருடமே இல்லையாம். மேனேஜர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய அலைதான் இருபத்தைந்து வருடத்துக்கு வரப்போவதில்லையே, பிறகு எதற்குக் கப்பலைத் தூக்கிக் காயப்போட வேண்டும் என்று முதலாளி கேட்டாராம். அதோடு நிற்கவில்லை. அக்டோபருக்குப் பிறகு கப்பல் வடக்கு வழியாகப் போகுமாம். குளிர்காலத்தில் யாரும் போகாத குறுக்கு வழி அது. பெரிய அலையை முடித்த கப்பல் சின்ன அலைக்குப் பயந்து ஏன் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?

அந்தக் குளிர்காலத்தில் கேப்டன் யார் என்ற அட்டவணை எனக்குத் தெரியும். அதே ஆள். என் ஆள்.

நான் எழுதிய ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என் புருஷனைக் கொல்லப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

முதலாளியை நேரில் பார்க்கப் போனேன். மேனேஜரும் கூட வந்தார், நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று.

படம் வரைந்தேன். சதவிகிதம் சொன்னேன். இருபத்தைந்து வருட அலை என்பது இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அதே மாதிரி இரண்டு தடவை, மூன்று தடவை வருவதற்கும் வாய்ப்பு இருக்கிறது என்றேன்.

"அதெப்படிம்மா? பஸ் போனா அடுத்த பஸ் நேரத்துக்குத்தானே வரும்."

அலைக்கு ஞாபகம் கிடையாது சார் என்றேன். நம்பவில்லை. கடைசியில் பையிலிருந்து ஒரு காசை எடுத்தேன். "சுண்டிப் பாருங்க. ஒரு தடவை தலை விழுந்ததால அடுத்தது பூ விழணும்னு கட்டாயம் இல்லை. தலைமேல தலை விழும்."

சுண்டினார். தலை. மறுபடி சுண்டினார். பூ. தலை. பூ. தலை. பூ. என் சர்வீஸில் இப்படி ஒழுங்காக மாறி மாறி விழுந்து நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தீங்களா, வந்துட்டுப் போனா அடுத்தவன் முறைதான்" என்றார் முதலாளி. காசைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது என் காசு.

ஏப்ரல் 19

முதலாளிக்கு இன்னும் இரண்டு கப்பல் உண்டு. அவற்றுக்கும் இருபத்தைந்து வருட அலையைச் சீக்கிரமாக முடித்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். "புதுசா தெம்பா இருக்கும்போதே வாங்கிட்டா நல்லதுதானே. தடுப்பூசி மாதிரி." எந்தக் கடலில், எந்த மாதம் போனால் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

மதியம் சாப்பிடவில்லை. மேனேஜர் வந்து, பதில் போட்டீர்களா என்றார். எழுதி வைத்துவிட்டேன் சார், ஒரே வார்த்தை என்றேன். அவருக்குப் புரிந்தது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் அதை அவரே அழித்துவிட்டார்.

மே 9

வீட்டுக்காரர் விடுப்பில் வந்திருக்கிறார். மெலிந்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் மேலே நீல நிற டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு பெரிய அலை, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு, கீழே "25". கப்பலில் எல்லோருக்கும் முதலாளி கொடுத்ததாம்.

"உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்" என்றார். சைஸ் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மே 12, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று.

"கப்பலோட மூக்கு தண்ணிக்குள்ள போயிடுச்சு. திரும்ப வர ரொம்ப நேரம் எடுத்துச்சு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"சரக்குத் திறப்பு மூலையைப் பாத்தீங்களா?"

"பாத்தோம். ஒரு கீறல் இருக்கு. விரல் நீளம். பெயின்ட் அடிச்சாச்சு."

பெயின்ட்.

"அந்தக் கீறலோட குளிர்காலத்துல வடக்கு வழியில போகப் போறீங்களா?"

"பெரிசு வந்துட்டுப் போயிடுச்சுல்ல? நீ எழுதினதுதானே. நீ எழுதினதை நீயே நம்பலைன்னா எப்படி?"

கடலில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷன். வானத்தைப் பார்த்தே நாளைய காற்றைச் சொல்பவர். அவரே இப்படி என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? நம்புகிறாரா, நம்ப ஆசைப்படுகிறாரா? சாப்பாடு போட்டேன். அதுவும் சத்தமாகப் போட்டேன்.

ஜூன் 15

உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். அந்த அலையைப் பதிவில் சேர்த்துக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். முன்பு போட்ட கணக்கில் அது இல்லை, அது வருவதற்கு முந்தைய பதிவுகளை வைத்துத்தான் இருபத்தைந்து என்று சொன்னேன். இப்போது அதையும் சேர்த்தால், இந்த அளவு இழுவை ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று வருகிறது.

நாம் நினைத்ததைவிடக் கடல் முரடு. அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். மூன்று விதமாகச் சரிபார்த்தேன். ஒன்பதுதான்.

இதைப் பார்த்தாலாவது புத்தி வரும்.

ஜூன் 22, வியாழன்

வரவில்லை. முதலாளியின் முதல் கேள்வி: "மிச்சம் பதினாறு வருஷம் எங்கம்மா போச்சு?"

எங்கேயும் போகவில்லை சார், முன்பு சொன்னது மதிப்பீடு, இது திருத்திய மதிப்பீடு என்றேன்.

"சான்றிதழ்ல இருபத்தஞ்சுன்னு அச்சடிச்சாச்சே."

"அதை எடுத்துடுங்க சார்."

"சரி, இருபது போடுங்க."

"சார், இது பேரம் இல்லை. கணக்கு."

"பதினெட்டு. உங்க வீட்டுக்காரர் கப்பல். உங்களுக்கும் நல்லதுதானே."

மேனேஜர் இடையில் புகுந்தார். "பன்னிரண்டுல முடிச்சுக்கலாம் சார். மேடம் ஒன்பது சொல்றாங்க, நீங்க பதினெட்டு சொல்றீங்க."

காய்கறிக் கடையில்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை. நான் ஒன்பதிலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கடைசியில் முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார். "சரி, ஒன்பதே இருக்கட்டும். ஒன்பது வருஷத்துக்கு அலை கிடையாது, அதுவரைக்கும் டாக் வேண்டாம். போதும்மா. எனக்குப் பேராசை இல்லை."

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மேனேஜர், "நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்றார். நான் படியில் இறங்கினேன்.

ஜூலை 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 17, திங்கள்

அவர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். கோடைக் கடல் அமைதியாக இருக்கிறது. பதிவுகளில் கப்பல் தூங்குகிற மனுஷனின் வயிறு மாதிரி மெதுவாக ஏறி இறங்குகிறது. ஆனால் மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேஜ் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. போன மாதத்தைவிட இந்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதல். மேனேஜரிடம் காட்டினேன். கேஜ் பழசாகியிருக்கும் என்றார். பழசானால் ஒன்று செத்துப்போகும், இல்லாவிட்டால் உளறும். இது உளறவில்லை. ஒரே திசையில், நிதானமாக ஏறுகிறது.

அக்டோபர் வரப்போகிறது.

ஆகஸ்ட் 5, சனி

அண்ணி வந்திருந்தார். நான் சமையலறையில் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வந்துபோனது ஒன்பது வருட அலைதான், இருபத்தைந்து வருட அலை என்றால் அது இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வெளிறியது.

"என்னது? அப்போ பெரிய கண்டம் இன்னும் வரவே இல்லையா?"

"கண்டமெல்லாம் இல்லை அண்ணி..."

"சின்னது வந்ததைப் பெருசுன்னு நினைச்சு ஏமாந்துட்டோமா? ஐயோ, பெருசு பாக்கி இருக்கா? முதல்ல அவனைக் கப்பலை விட்டு இறங்கச் சொல்லு."

மாடி ஏறிப் போகும்போதும் புலம்பிக்கொண்டே போனார். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

ஆகஸ்ட் 7

அண்ணியிடம் சொன்னதையே முதலாளிக்கும் எழுதலாமா?

எல்லாம் உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர்கள் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள். தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதப்போகிறேன். பொய் சொல்லாமலே பொய் சொல்வதற்கு இத்தனை வருடப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

எழுதிவிட்டேன். "பிப்ரவரியில் வந்தது இருபத்தைந்து வருட அலை அன்று. இருபத்தைந்து வருட அலை அதைவிடப் பெரியது. அது இக்கப்பலுக்கு இன்னும் வரவில்லை."

இரண்டாவது பத்தி எழுதவில்லை. அதைத்தான் யாரும் படிப்பதில்லையே.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அறிக்கை போன அரை மணி நேரத்தில் போன். "வரலையா? இன்னும் வரவே இல்லையா? நாலு வருஷம் போச்சேம்மா, எப்ப வேணாலும் வருமே."

"எப்ப வேணாலும் வரலாம் சார்."

ஆறு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். இன்றுதான் முதன்முதலாக அவர் காதில் ஏறியது.

ஆகஸ்ட் 10

வடக்கு வழி ரத்து. கப்பல் நேராக ட்ரை டாக்குக்கு வருகிறது. சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

டாக்குக்குப் போயிருந்தேன். தண்ணீர் இல்லாமல் கப்பலைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, துணி மாற்றும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி. இத்தனை வருடம் அதன் ஒவ்வொரு மூச்சையும் படித்திருக்கிறேன். அதன் மேல் கால் வைத்தது இன்றுதான் முதல் தடவை.

ஆய்வாளர் மூலையில் இருந்த பெயின்டைச் சுரண்டினார். சாக்பீஸால் கீறலைத் தொட்டுக்கொண்டே போனார். விரல் நீளத்தில் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வந்த பிறகுதான் சாக்பீஸை எடுத்தார். ஒரு மெல்லிய தகட்டை அதற்குள் விட்டார். மறுபக்கம் கீழே போய் விழுந்தது.

"இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்குமா?" என்று கேட்டேன்.

"அலையைப் பொறுத்தது. அதை நீங்கதான் சொல்லணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்கில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 9

தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. சோதனை எல்லாம் முடிந்தது. கப்பல் கிளம்பலாம், வழக்கமான தெற்குச் சுற்று வழியில்.

ஆனால் கிளம்பவில்லை. முதலாளி விடமாட்டேன் என்கிறார். அலை பாக்கி இருக்கிறதே. அது வந்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்.

அக்டோபர் 16, திங்கள்

துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் கப்பலுக்கு இருபத்தைந்து வருட அலை எப்படி வரும் என்று மேனேஜர் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முதலாளி அதை யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். துறைமுகத்துக்குள் வருகிற அலை கணக்கில் சேருமா? பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் வேகமாகப் போனால் எழும்புகிற அலை? சேராது என்றேன். "எவ்வளவு பெருசா இருந்தாலுமா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. அவர்மேல் முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது.

இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டவள் நான். ட்ரை டாக் வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தது. நிறுத்தும் இடம் எது என்று நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் 30

கேப்டன் வீட்டிலேயே இருக்கிறார். வந்த முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது தட்டுகளை அலமாரியில் கயிறு போட்டுக் கட்டுகிறார். பால்கனியில் நின்று காற்றின் திசையை எழுதி வைக்கிறார். நேற்று அண்ணியின் வீட்டுக் கதவுக்கு அவரைக் கேட்காமலே கிரீஸ் போட்டிருக்கிறார். "உன் ஆளைக் கடலுக்கு அனுப்பு. இல்லைன்னா நான் போறேன்" என்றார் அண்ணி. பெரிய கண்டத்தையே மறந்துவிட்டார்.

மற்ற மாலுமிகளும் இப்படித்தான் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் வேறு கப்பல் தேடுகிறார்கள்.

நவம்பர் 8, புதன்

முதலாளி ஒரு வழி சொல்கிறார். இந்தப் பயணத்தில் அந்த அலை வராது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கப்பலை விடுகிறாராம்.

முடியாது என்றேன். வாய்ப்பு எவ்வளவு என்று எழுதித் தருகிறேன், வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு, இந்த வழியில் அதைவிடக் குறைவு என்றேன்.

"நூத்துல நாலா? என்கிட்ட நூறு கப்பல் இல்லையேம்மா. மூணுதான் இருக்கு. அதுல இது ஒண்ணு. இந்த ஒண்ணுக்கு எத்தனை?"

பேச்சில் இவர் எத்தனையோ உளறியிருக்கிறார். இந்தக் கேள்வி உளறல் இல்லை. எங்கள் பாடத்தில் இதற்கு நீளமான பதில் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அது தொண்டைக்கு மேலே வரவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியும் போடவில்லை. வராது என்று எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. கடவுளுக்கே இருக்கிறதா என்று சந்தேகம்.

நவம்பர் 20, திங்கள்

நம்ப முடியாத செய்தி. முதலாளியின் இரண்டாவது கப்பல் நேற்றுக் கடலில் ஒரு பெரிய அலையில் மாட்டியது. யாருக்கும் அடியில்லை. உயிர்காப்புப் படகு ஒன்று போயிற்று, கண்ணாடி உடைந்தது. அதில் கேஜே கிடையாது, அலை எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது.

முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அதுதானாம். அந்த அலைதானாம். இந்தக் கப்பலைத் தேடி வந்திருக்கிறது, இது துறைமுகத்தில் இருந்ததால் ஆள் மாறிப் போய்விட்டதாம். "ஒரே வீட்டுக் கப்பல்தானேம்மா. யார் வாங்கினா என்ன, கணக்கு நேராயிடுச்சு."

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தகடு புதுசு. வழி தெற்கு வழி. மூலையில் நானே நின்று புது கேஜ் ஒட்டவைத்திருக்கிறேன். கப்பல் போகலாம் என்பது என் முடிவும்தான். அவர் காரணம் அவருக்கு, என் காரணம் எனக்கு.

நவம்பர் 28

நாளை காலை கிளம்புகிறார். பெட்டி கட்டியாயிற்று. தட்டுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 29, புதன்

வண்டி வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி மாடிப்படியில் நின்றார். இடது ஷூவை முடித்தார். வலது ஷூவில் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். கட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"இந்தத் தடவை வராதுல்ல?"

டாக்கில் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததிலிருந்து அவர் அலையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. இன்றுதான் கேட்கிறார். நேற்றுத்தான் இந்தப் பயணத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டிருந்தேன். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை என் தலைக்குள் இருந்தது.

"வராது" என்றேன்.

"சரி" என்று எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கு எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.